பார்வையில் குறித்த அரசாணையைப் படித்தது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசுத் துறைகளில் செயற்கை நுண்ணறிவு என்று செய்தி வந்தாலே பேச்சு கேமரா, டிரோன், பல கோடி ஒப்பந்தம் என்று பெரிய திட்டங்களைச் சுற்றியே போகிறது. அலுவலகத்துக்குள் நடப்பது அதைவிடச் சிறியது, அதைவிட அவசரமானது. பிரிவு எழுத்தர் ஒருவர் மனுவைக் கைப்பேசியில் படம் எடுக்கிறார். இலவசமாகக் கிடைக்கும் உரையாடல் செயலியில் ஏற்றி, பதில் கடிதம் எழுதித் தரச் சொல்கிறார். அரை நிமிடத்தில் வரைவு வந்துவிடுகிறது. அது கோப்பில் ஏறி, கண்காணிப்பாளர் சுருக்கொப்பமிட்டு, அலுவலர் கையெழுத்துடன் மனுதாரர் வீட்டுக்குப் போகிறது. டெண்டர் இல்லை, அனுமதி இல்லை, கோப்பில் ஒரு வரிக் குறிப்புகூட இல்லை. அலுவலக நடைமுறையையும் மென்பொருளையும் அறிந்தவர்கள் என்ற முறையில், இந்தச் சின்னப் பயன்பாட்டைத்தான் முதலில் ஒழுங்குபடுத்த வேண்டும் என்று கருதி இதை எழுதுகிறோம். எழுத்தர்கள்மீது பழி போடுவது எங்கள் நோக்கம் அல்ல. காலிப் பணியிடம் நிரம்பாத பிரிவில் மூன்று பேர் வேலையை ஒருவர் பார்க்கும்போது கையில் கிடைத்த உதவியை அவர் எடுத்துக்கொள்வது இயல்பு.

முதல் ஆபத்து ‘பார்வை’யில் இருக்கிறது. அரசுக் கடிதத்தில் ‘பொருள்’ என்ற வரிக்குக் கீழே ‘பார்வை’ என்று அரசாணைகளையும் முந்தைய கடிதங்களையும் வரிசையிடுகிறோம். கடிதம் எந்த அதிகாரத்தில் நிற்கிறது என்பதை அந்த வரிகளே சொல்கின்றன. இந்தச் செயலிகள் அரசாணையின் வடிவத்தை நன்றாகக் கற்றிருக்கின்றன. ‘அரசாணை (நிலை) எண்’ என்று தொடங்கி, துறையின் பெயர், நாள், மாதம், ஆண்டு வரை பிசகில்லாமல் எழுதும். ஆனால் அப்படி ஓர் அரசாணை வெளியாகியே இருக்காது. காரணம் எளிது. இந்தக் கருவி ஆவணக் காப்பகத்தில் தேடி எடுத்துத் தருவதில்லை. இதுவரை எழுதிய சொற்களுக்கு அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணக்கிட்டு எழுதுகிறது. எண் வர வேண்டிய இடத்தில் எண்ணைப் போன்ற ஒன்றை வைத்துவிடும். அதன் நடையில் தயக்கமே தெரியாது என்பதால் வாசிப்பவருக்கும் சந்தேகம் வராது.

இது வெறும் ஊகம் அல்ல. வருமான வரித் துறையின் தேசிய முகமிலா மதிப்பீட்டு மையம் 2023-24 மதிப்பீட்டு ஆண்டுக்காக ஒரு நிறுவனத்தின்மீது பிறப்பித்த ஆணையை 2025 அக்டோபரில் பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நிறுவனம் காட்டிய வருமானம் சுமார் 3.09 கோடி ரூபாய். மதிப்பீட்டு அலுவலர் முடிவு செய்தது சுமார் 27.91 கோடி. அதற்கு ஆதாரமாக ஆணையில் காட்டியிருந்த மூன்று தீர்ப்புகள் உலகத்தில் இல்லாதவை. செயற்கை நுண்ணறிவு தரும் முடிவுகளைக் கண்மூடி ஏற்கக் கூடாது, பயன்படுத்தும் முன் சரிபார்க்க வேண்டும் என்று நீதிமன்றம் அந்த ஆணையில் அறிவுறுத்தியது. ஒரு நிறுவனத்தால் உயர் நீதிமன்றத்துக்குப் போக முடிந்தது. முதியோர் உதவித்தொகை கேட்டு மனுக் கொடுத்த மூதாட்டிக்கு வரும் மறுப்புக் கடிதத்தில் இல்லாத அரசாணை இருந்தால் அதைக் கண்டுபிடிக்க யார் இருக்கிறார்கள்?

தமிழ்நாட்டு அலுவலகங்களில் இந்த ஆபத்து கூடுதல். தமிழக அரசு 2010-லேயே ஒருங்குறியை (யூனிகோட்) தரமாக ஏற்றது. ஆனாலும் அதற்கு முன்பும், பல இடங்களில் அதற்குப் பின்பும், வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த ஆணைகள் ஏராளம். திரையில் தமிழாகத் தெரியும் அந்தப் பக்கத்தை நகலெடுத்து ஒட்டினால் ரோமன் எழுத்துக் குப்பைதான் வரும். இன்னும் பல ஆணைகள் ஒளிவருடிய படங்களாக மட்டுமே இருக்கின்றன. இப்படி வாசிக்க முடியாத ஒன்றைக் கொடுத்தால் ‘எனக்குப் புரியவில்லை’ என்று கருவி பெரும்பாலும் நிறுத்திக்கொள்வதில்லை. கிடைத்த நான்கு சொற்களை வைத்து மீதியைத் தானே நிரப்பிவிடுகிறது.

ஆகவே, பார்வையில் உள்ள ஒவ்வோர் ஆணையின் மூலத்தையும் திறந்து பார்க்க வேண்டும். எண், துறை, நாள், பொருள் நான்கும் பொருந்த வேண்டும். அதற்குப் பிறகு திருத்த ஆணை வந்திருக்கிறதா என்று தேட வேண்டும். இந்தப் படியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். வரைவில் எடுத்தாளும் பத்தியின் எண்ணை ஓரத்தில் குறித்து, மூலத்தின் நகலை நடப்புக் கோப்பில் சேர்க்க வேண்டும். மூலம் கிடைக்கவில்லை என்றால் அந்த வரியை அடித்துவிட வேண்டும். ‘இந்த அரசாணை உண்மையா’ என்று அதே கருவியிடம் திருப்பிக் கேட்பது சரிபார்ப்பு ஆகாது. ‘ஆம், உண்மைதான்’ என்று அது அதே உறுதியோடு சொல்லக்கூடும். இதைவிடப் பாதுகாப்பான வழி ஒன்று உண்டு. விதி என்ன என்று கருவியிடம் கேட்கக் கூடாது. பொருந்தும் அரசாணையின் உரையை நாமே கொடுத்து, ‘இதில் உள்ளதை மட்டும் வைத்து வரைவு எழுது, இதில் இல்லாததைச் சேர்க்காதே’ என்று கேட்க வேண்டும். அப்போதும் பிழை வரலாம், ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க மூலம் மேசைமேலேயே இருக்கும்.

மொழிபெயர்ப்பில் வரும் பிழைகள் வேறு ரகம். ஆங்கில விதியில் ‘செய்யலாம்’ என்ற பொருளில் இருப்பது தமிழில் ‘செய்ய வேண்டும்’ என்று மாறிவிடும். அலுவலரின் விருப்புரிமை கடமையாகிவிடும், அல்லது கடமை விருப்புரிமையாகிவிடும். ‘மிகாமல்’, ‘குறையாமல்’ இரண்டும் இடம் மாறுவதும் உண்டு. மில்லியனை லட்சமாக்கும்போது ஒரு சுழியம் தவறும். பட்டாவில் பரப்பு ‘0-12.50’ என்று இருந்தால் அது 0 ஹெக்டேர், 12.50 ஏர்; அதாவது 1,250 சதுர மீட்டர், ஏறத்தாழ 31 சென்ட். நில ஆவண மரபு அறியாத கருவி இதைப் பன்னிரண்டரை ஏக்கர் என்று சுருக்கம் எழுதக்கூடும். ஒரு நலத்திட்டத்தில் நில உச்சவரம்பு ஐந்து ஏக்கர் என்று இருந்தால் அந்த ஒரு வாசிப்பிலேயே குடும்பம் வெளியே போய்விடும். புல எண்ணின் உட்பிரிவு எழுத்து விடுபட்டால் பக்கத்து நிலத்துக்காரரின் ஆவணம் கோப்பில் வந்து உட்காரும். எனவே எண், அலகு, தேதி, உட்பிரிவு ஆகியவற்றைக் கருவி எழுதியதிலிருந்து எடுக்கவே கூடாது. அவற்றை மட்டும் மனிதர் மூலத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்ய வேண்டும்.

மனுக்களைத் துறைவாரியாகப் பிரிப்பதற்கு இந்தத் தொழில்நுட்பம் மிகவும் பயன்படும் என்றே நாங்கள் நம்புகிறோம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர் நாளில் குவியும் மனுக்களைப் பிரித்து அனுப்பவே நாட்கள் ஓடிவிடுகின்றன. ஆனால் நம் மக்கள் மனு எழுதும் விதம் கருவிக்குப் பழக்கமில்லாதது. முதல் பக்கம் முழுக்கக் குடும்ப வரலாறு வரும். கேட்க வந்தது இரண்டாம் பக்கத்தின் கடைசியில், ‘ஆகவே ஐயா அவர்கள்’ என்ற இடத்தில்தான் தொடங்கும். ஒரு வயதான தாய் எழுதுகிறார்: நிலத்தை மகன் பெயருக்கு எழுதிக் கொடுத்தேன், பட்டாவும் மாறிவிட்டது, இப்போது சோறு போடுவதில்லை, அடிக்கிறான். ‘பட்டா’ என்ற சொல் நான்கு முறை வருவதால் கருவி இதை வட்டாட்சியருக்குப் பட்டா மாறுதல் இனமாக அனுப்பிவிடும். உண்மையில் இது பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இன் கீழ் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டிய மனு. பராமரிப்பதாக நிபந்தனையிட்டு எழுதிக் கொடுத்த சொத்தை மீட்க அந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. வட்டாட்சியர் அலுவலகத்தில் ‘பட்டா ஏற்கெனவே மாறுதல் செய்யப்பட்டுள்ளது’ என்ற பதிலோடு மனு முடிந்துவிட்டால் அந்தத் தாய்க்கு நேர்வது என்ன என்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

இங்கே ‘துல்லியம் 98 சதவீதம்’ என்று விற்பனையாளர் சொல்வதை நம்பி ஏமாறக் கூடாது. ஆயிரம் மனுக்களில் உயிருக்கு ஆபத்து, குழந்தைத் திருமணம், சாதி வன்கொடுமை என்று உடனே கவனிக்க வேண்டியவை இருபது என்று வைத்துக்கொள்வோம். அந்த இருபதில் ஒன்றைக்கூடக் கண்டுபிடிக்காமல் எல்லாவற்றையும் ‘சாதாரணம்’ என்று குறித்தாலும் கருவியின் துல்லியம் 98 சதவீதம்தான். எனவே மொத்த மதிப்பெண்ணைக் கேட்காமல், அவசர மனுக்களில் எத்தனை தவறின என்று தனியாகக் கேட்க வேண்டும். இதற்கான சோதனையை மாவட்ட அலுவலகமே நடத்திக்கொள்ளலாம். ஏற்கெனவே முடிவடைந்த 500 மனுக்களை எடுங்கள். பாதிக்குக் குறையாமல் கையெழுத்து மனுக்கள் இருக்கட்டும். மடிப்புக் கோட்டில் மை அழிந்தது, மறுபக்க மை ஊறித் தெரிவது, மங்கிய வெளிச்சத்தில் கைப்பேசியில் எடுத்த படம் எல்லாம் அதில் சேரட்டும். ஓசூர்ப் பக்கம் என்றால் தெலுங்கு, கன்னட மனுக்களும் வேண்டும். அனுபவமுள்ள இரண்டு பேர் ஒருவர் பிரித்ததை மற்றவர் பார்க்காமல் தனித்தனியே பிரிக்கட்டும். அவர்களுக்குள்ளேயே எங்கெல்லாம் கருத்து மாறுபடுகிறது என்று முதலில் பார்த்து, பிறகு கருவியின் விடையோடு ஒப்பிட வேண்டும். இரண்டு மனிதர்களும் ஒத்துப்போன இடத்தில் கருவி தவறியிருந்தால் அதுதான் உண்மையான பிழை. மென்பொருளின் பதிப்பு மாறும் ஒவ்வொரு முறையும் அதே 500 மனுக்களை வைத்து மீண்டும் சோதிக்க வேண்டும். போன மாதம் சரியாக வேலை செய்தது என்பது இந்த மாதத்துக்குச் சான்று ஆகாது.

இனிப் பெயர்ப் பொருத்தம். தமிழர்களுக்குப் பெரும்பாலும் குடும்பப் பெயர் இல்லை, தலைப்பெழுத்துதான். ஆதாரில் தந்தை பெயர் பின்னால் விரிந்து வரும், குடும்ப அட்டையில் ஓர் எழுத்தாக முன்னால் நிற்கும், வங்கிப் புத்தகத்தில் இரண்டும் இல்லாமல் இருக்கும். தமிழ்ச்செல்வி என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ழகரத்துக்கு ஆளுக்கு ஒரு எழுத்து. அதனால் ஒரே பெண் இரண்டு பேராகத் தெரிவார். ஒரே ஊரில் உள்ள இரண்டு ‘எஸ். முருகன்’ ஒருவராகிவிடுவார்கள். ஒருவரின் கார் மற்றவர் கணக்கில் ஏறும். தெலங்கானாவில் குடும்ப அட்டைகளைக் களையெடுக்கும் பணியில் ‘சமக்ர வேதிகா’ என்ற தரவு ஒப்பீட்டு மென்பொருளுக்குப் பங்கு இருந்தது. பல துறைப் பதிவேடுகளில் உள்ள பெயரையும் முகவரியையும் ஒப்பிட்டு, இவர் தகுதியற்றவர் என்று அது காட்டும். முன்னறிவிப்பு இல்லாமல் அட்டைகள் நீக்கப்பட்டதாக வழக்கு போனபோது, நீக்கிய சுமார் 19 லட்சம் அட்டைகளைக் களத்தில் சரிபார்க்கும்படி உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் வேலையைத் தவிர்க்க வந்த மென்பொருள், கடைசியில் அதே வேலையைப் பல ஆண்டுகள் கழித்துச் செய்ய வைத்தது. இடைப்பட்ட காலத்துக்கு இழந்த அரிசியை யார் திருப்பித் தருவது?

ஆஸ்திரேலியாவின் அனுபவம் இன்னொரு பாடம். அங்கே நலத்துறை, வரித்துறையில் இருந்த ஆண்டு வருமானத்தை 26 இரு வாரங்களாகச் சமமாக வகுத்து, பயனாளிகள் இரு வாரத்துக்கு ஒருமுறை தெரிவித்திருந்த வருமானத்தோடு ஒப்பிட்டு, வேறுபாடு வந்தவர்களுக்கெல்லாம் ‘கடன் கட்டு’ என்று கடிதம் அனுப்பியது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். அரச விசாரணை ஆணையம் 2023 ஜூலையில் அறிக்கை தந்தது. நலத்துறையின் அந்த ஒப்பீட்டில் நவீன நுண்ணறிவு எதுவும் இல்லை, வெறும் வகுத்தல் கணக்குதான். ஆறு மாதம் சூளையிலும் மீதி மாதங்களில் வேலையில்லாமலும் இருப்பவர் வருமானத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் வரும் எண் அவர் வாழ்க்கையில் எந்த மாதத்துக்கும் பொருந்தாது. நம் வருமானச் சான்றிதழ் விண்ணப்பங்களில் கருவியைக் கொண்டு முரண்பாடு தேட நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எனவே எங்கள் முதன்மையான கோரிக்கை இதுதான்: கருவி ஒப்புதலை விரைவுபடுத்தலாம், மறுப்பை அது முடிவு செய்யக் கூடாது. ஆவணங்கள் எல்லாம் பொருந்துகின்றன என்று காட்டும் விண்ணப்பம் விரைந்து அலுவலரிடம் போகட்டும். பொருந்தவில்லை என்று காட்டினால் அது கள விசாரணைக்கான குறிப்பு மட்டுமே. கிராம நிர்வாக அலுவலரோ வருவாய் ஆய்வாளரோ போய்ப் பார்த்து, மனுதாரர் தரப்பைக் கேட்டு, அதன் பிறகு அலுவலர் தன் சொற்களில் காரணம் எழுதி மறுக்க வேண்டும். ‘கணினியில் தகுதியில்லை எனக் காட்டுகிறது’ என்பது காரணம் ஆகாது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் 4(1)(டி) பிரிவு, நிர்வாக முடிவுகளுக்கான காரணத்தைப் பாதிக்கப்படுவோருக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. மென்பொருள் வந்ததால் அந்தக் கடமை போய்விடாது. நம்மிடமே நல்ல முன்மாதிரி இருக்கிறது. கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தில், 2023-ல், தரவுத்தள ஒப்பீட்டில் விடுபட்டவர்களுக்குக் காரணம் குறுஞ்செய்தியில் போனது. 30 நாட்களுக்குள் இ-சேவை மையம் வழியாகக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்ய வழி வைத்தார்கள். அது செயற்கை நுண்ணறிவுத் திட்டம் அல்ல. ஆனாலும் கருவி வரும் ஒவ்வோர் இடத்திலும் குறைந்தபட்சம் இந்த வாசலாவது இருக்க வேண்டும்.

‘கடைசியில் மனிதர்தானே பார்க்கிறார்’ என்ற சமாதானம் போதாது. ஒருவரிடம் நாளுக்கு 200 இனங்களை முடிக்கச் சொன்னால், எட்டு மணி நேரத்தில் இனத்துக்கு இரண்டரை நிமிடம்கூடக் கிடைக்காது. அதில் மூலத்தைத் திறந்து பார்க்க முடியாது. நூறில் தொண்ணூற்றைந்து சரியாக வந்தால் கண் தானாகவே வாசிப்பதை நிறுத்திவிடுகிறது. அது சோம்பல் அல்ல, மனித இயல்பு. அதற்கேற்ப ஏற்பாடு செய்ய வேண்டும். கண்காணிப்பாளர் வாரத்துக்கு ஒருமுறை, முடிந்த கோப்புகளில் நூற்றுக்கு ஐந்தைக் கண்மூடி எடுத்து மூலத்தோடு ஒப்பிடட்டும். தெரிந்தே பிழை வைத்த சில வரைவுகளை இடையில் சேர்த்து, அவை பிடிபடுகின்றனவா என்று பார்க்கட்டும். பிடிபடவில்லை என்றால் எழுத்தருக்குக் குறிப்பாணை கொடுக்காமல், அவருடைய நாளொன்றின் இலக்கைக் குறைக்க வேண்டும்.

மனுக்களில் உள்ள சொந்த விவரம் பற்றியும் சொல்ல வேண்டும். நிதி அமைச்சகம் 2025 ஜனவரியிலேயே, அலுவலகக் கணினிகளில் சாட்ஜிபிடி, டீப்சீக் போன்ற செயலிகளைத் தவிர்க்கும்படி தன் ஊழியர்களுக்கு அறிவுறுத்தியது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இன் விதிகளும் 2025 நவம்பரில் வெளியாகிவிட்டன. மனுவைப் படம் எடுத்து வெளிச் செயலியில் ஏற்றும்போது ஆதார் எண், கைப்பேசி எண், சாதி, நோய், சில வேளைகளில் பாலியல் குற்றத்துக்கு ஆளானவரின் பெயர் வரை வெளியே போகிறது. ஆதாரின் முதல் 8 இலக்கங்களை மறைத்தால் போதும் என்று நினைப்பதும் தவறு. சிற்றூரின் பெயரும், ‘அங்கன்வாடிப் பணியாளர்’ என்பதும், கணவர் இறந்த தேதியும் இருந்தால் ஊரில் யாரும் ஆளை அடையாளம் கண்டுவிடுவார்கள். அரசு தன் கட்டுப்பாட்டில் உள்ள சேவையகத்தில் ஒரு கருவியைத் தரும்வரை, மனுவை ஏற்றவே கூடாது. எழுத்தர் பிரச்சினையைத் தன் சொற்களில் இரண்டு வரியில், பெயர், ஊர், தேதி இல்லாமல் எழுதிக் கேட்கலாம்.

முழுத் தடை பயன்படாது என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். தடை போட்டால் பயன்பாடு அலுவலகக் கணினியிலிருந்து சட்டைப் பைக்குள் இருக்கும் கைப்பேசிக்கு மாறும், அவ்வளவுதான். எழுதப் படிக்கத் தெரியாதவர் பேசுவதைத் தமிழில் எழுத்தாக்குவது, நாற்பது பக்க ஆங்கில வழிகாட்டு நெறியைச் சுருக்குவது, கடினமான அலுவலகத் தமிழை மனுதாரருக்குப் புரியும்படி எளிதாக்குவது எல்லாம் இந்தக் கருவிகளால் கிடைக்கும் நன்மைகள். அவற்றை இழக்கக் கூடாது. வெளிப்படையாகப் பயன்படுத்த அனுமதித்து, பதிவு கேட்க வேண்டும். கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் மாவட்ட நீதித்துறைக்கு வகுத்த கொள்கை, தீர்ப்பையோ முடிவையோ எட்ட இக்கருவிகளைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. பயன்படுத்திய ஒவ்வோர் இடத்திலும் எந்தக் கருவி, மனிதர் எப்படிச் சரிபார்த்தார் என்ற பதிவையும் கேட்கிறது. நம் குறிப்புக் கோப்பில் இதற்கு ஒரு வரி போதும்: ‘இவ்வரைவு இன்ன கருவியின் உதவியுடன் இன்ன நாளில் தயாரிக்கப்பட்டது, பார்வை 1 முதல் 3 வரை மூலத்துடன் ஒப்பிடப்பட்டன, பார்வை 2 நீக்கப்பட்டது.’ கீழே சரிபார்த்தவரின் சுருக்கொப்பம்.

வெளி நிறுவனத்திடம் வாங்குவதாக இருந்தால், மனுத் தரவைக் கொண்டு மென்பொருளைப் பயிற்றுவிக்கக் கூடாது, பயன்பாட்டுப் பதிவுகள் துறையிடமே இருக்க வேண்டும், பதிப்பு மாறும் முன் தெரிவிக்க வேண்டும் என்ற மூன்றும் ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும். தமிழ்நாடு 2020-லேயே ‘பாதுகாப்பான, நெறிசார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கை’யை வெளியிட்டது. ஒரு கருவியைப் பொதுப் பயன்பாட்டுக்கு விடும் முன் மதிப்பெண் அட்டையில் மதிப்பிட வேண்டும் என்ற நல்ல கருத்து அதில் உண்டு. அது தலைமைச் செயலகத்துக்கு எழுதியதுபோல் இருக்கிறது. வட்ட அலுவலக மேசைக்கு ஏற்ற ஒரு பக்கச் சுற்றறிக்கையாக அதைச் சுருக்கித் தருமாறு தகவல் தொழில்நுட்பவியல் மற்றும் டிஜிட்டல் சேவைகள் துறையைக் கேட்டுக்கொள்கிறோம்.

கூடவே, பவானிசாகரில் உள்ள அரசு அலுவலர் பயிற்சி நிலையத்தில் இளநிலை உதவியாளர்களுக்கு நடக்கும் அடிப்படைப் பயிற்சியில் இதற்கு அரை நாள் ஒதுக்க வேண்டும். சொற்பொழிவு வேண்டாம். ஒவ்வொருவர் கையிலும் கருவி எழுதிய பத்து வரைவுகளையும், மூல அரசாணைகள் அடங்கிய ஒரு கட்டையும் கொடுங்கள். மூன்று வரைவுகளில் பார்வை பொய்யாக இருக்கட்டும், ஒன்றில் ஏர் ஏக்கராகியிருக்கட்டும், ஒன்றில் ‘மிகாமல்’ என்பது ‘குறையாமல்’ ஆகியிருக்கட்டும். ஐந்தையும் கண்டுபிடித்தவர் மட்டும் மறுநாள் பயிற்சிக்குப் போகட்டும். மற்றவருக்கு வேறு பத்து வரைவுகளைக் கொடுங்கள்.

இப்படிக்கு,
மின்னாளுமைப் பணிகளில் ஈடுபட்டுள்ளவர்கள்,
சென்னை